குழந்தைகளின் ஒவ்வாமையும் எதிர்ப்பாற்றல் குறைபாடும்: பிரித்தறிவதும் சிகிச்சை பெறுவதும்

ஆண்டு முழுவதும் சளியும் இருமலும் தோல் தடிப்புமாக இருக்கும் குழந்தையைப் பார்த்து, "இது அலர்ஜி" என்று ஒருவரும் "எதிர்ப்புச் சக்தியே இல்லை" என்று இன்னொருவரும் சொல்வது வழக்கம். இரண்டும் ஒன்றல்ல; ஒரு வகையில் பார்த்தால் ஒன்றுக்கொன்று எதிரானவை. பால், முட்டை, வீட்டுத் தூசு போன்ற தீங்கற்ற பொருள்களின் மீது உடலின் எதிர்ப்பாற்றல் வீணாகப் பாய்வது ஒவ்வாமை. உண்மையான கிருமி வரும்போது அந்த ஆற்றல் எழாமல் போவது எதிர்ப்பாற்றல் குறைபாடு. முதலாவதற்குத் தரும் மருந்து இரண்டாவதற்கு உதவாது என்பதால், எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ளாமல் சோதனைகளில் பணத்தைச் செலவிடுவதில் பொருளில்லை. பெற்றோர் கையில் இருக்கும் முதற்கருவி ஒரு நோட்டுப் புத்தகமே. ஒவ்வாமையைப் பொறுத்தவரை, இரத்தப் பரிசோதனை ஏற்கெனவே எழுந்த சந்தேகத்தை உறுதிப்படுத்துமே தவிர, எதன் மீதும் சந்தேகம் இல்லாத இடத்தில் நோயைத் தேடிக் கண்டுபிடித்துத் தராது.

இரண்டுக்கும் முன்பாக, மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: எந்த நோயும் இல்லாத குழந்தை. பால்வாடிக்கோ மழலையர் பள்ளிக்கோ புதிதாகப் போகத் தொடங்கிய குழந்தைக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. ஒவ்வொரு முறையும் இருமல் இரண்டு வாரம் வரை நீடிக்கலாம். மழைக்காலத்தில் இவை ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது, குழந்தை மாதக்கணக்கில் ஓயாமல் நோயுற்றிருப்பதாகவே வீட்டாருக்குத் தோன்றும். இடைப்பட்ட நாட்களில் குழந்தை நன்றாக விளையாடி, உண்டு, எடையும் கூடி வருகிறது என்றால், பெரும்பாலும் அது வைரஸ் சளிதான். அதற்கு ஆன்டிபயாட்டிக் வேண்டாம், டானிக்கும் வேண்டாம்.

நோட்டில் எழுத வேண்டியவை சிலவே. காய்ச்சல் இருந்ததா, இல்லையா என்பது முதலாவது; ஒவ்வாமையால் மட்டும் காய்ச்சல் வருவதில்லை. அரிப்பு இருந்ததா என்பது அடுத்தது. மூக்கு, கண், தோல் ஆகியவற்றில் அரிப்பு இருந்தால் ஒவ்வாமையின் பக்கம் சந்தேகம் சாயும். மூக்கு நீர் தெளிவாக இருந்ததா, சீழ் போன்று இருந்ததா. தொல்லை இரவிலா, அதிகாலையிலா, ஓடி விளையாடிய பிறகா. உணவுக்குப் பின் என்றால் எத்தனை நிமிடம் கழித்து. என்ன மருந்து தந்த பிறகு எவ்வளவு நேரத்தில் அடங்கியது என்பனவற்றையும் குறிக்க வேண்டும். தடிப்பையும் வீக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது மிகவும் பயன்தரும், ஏனெனில் மருத்துவரின் அறையை அடைவதற்குள் காணாக்கடித் தடிப்பு பெரும்பாலும் மறைந்துவிடும். மூச்சு இழுக்கும்போது நெஞ்சை அரை நிமிடம் காணொளியாக எடுத்து வைத்தால், "வீசிங்" என்று வீட்டார் சொல்வது உண்மையில் இளைப்பா, மூக்கடைப்பின் ஓசையா என்பதை மருத்துவர் பிரித்தறிவார்.

உணவு ஒவ்வாமை

உணவு ஒவ்வாமையில் நேரமே பெரிய துப்பு. உண்ட சில நிமிடங்களில் தொடங்கி இரண்டு மணி நேரத்துக்குள் உதடு வீங்குதல், உடலெங்கும் தடிப்பு, வாந்தி, இருமல், மூச்சிரைப்பு ஆகியவை தோன்றினால் அது ஐஜிஈ என்னும் எதிர்ப்புப் புரதத்தால் நிகழும் உடனடி வகை. அதே உணவை மீண்டும் உண்ணும்போதெல்லாம் மீண்டும் வரும் என்பது இதன் இயல்பு. நேற்றுவரை முட்டையைத் தொல்லையின்றி உண்ட குழந்தைக்கு இன்று காய்ச்சலோடு தடிப்பு வந்தால், முட்டையைவிட வைரஸ் தொற்றின் மீதே சந்தேகம் கொள்ள வேண்டும். குழந்தைகளின் காணாக்கடிக்கு மிகப் பொதுவான காரணம் அதுதான். மற்றொரு வகை தாமதமாக வரும்: கைக்குழந்தையின் மலத்தில் சளியோடு இரத்தக் கீற்று, அல்லது உண்டு ஒன்று முதல் நான்கு மணி நேரத்தில் குழந்தை துவண்டுபோகும் அளவுக்குத் தொடர் வாந்தி. இந்த வகையில் ஐஜிஈக்குப் பங்கில்லாததால், அதற்கான சோதனைகளின் முடிவு குறையொன்றும் இல்லை என்றே வரும். அதைக் கண்டு ஒவ்வாமை இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.

தாமத வகையைக் கண்டறியும் முறை எளிது, ஆனால் அதன் பாதியைத்தான் பலரும் செய்கின்றனர். பசும்பால் மீது சந்தேகம் என்றால், மருத்துவரின் மேற்பார்வையில் இரண்டு முதல் நான்கு வாரம் பாலை முற்றிலும் நிறுத்த வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையாக இருந்தால் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. தாய்தான் பால், தயிர், மோர், நெய், பனீர், பால்கோவா, பால் பவுடர் சேர்ந்த பிஸ்கட் ஆகியவற்றைத் தவிர்த்து, கால்சியம் மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும். அறிகுறிகள் அடங்கிய பிறகு பாலை மீண்டும் தந்து, அவை திரும்பி வருகின்றனவா என்று பார்ப்பது அடுத்த பாதி. இதைத் தவிர்ப்பதால்தான், தானாகவே சரியாகியிருக்கக்கூடிய வயிற்றுத் தொல்லைக்காக ஆண்டுக்கணக்கில் பாலின்றி வளரும் குழந்தைகள் இருக்கின்றனர். பசும்பாலுக்குப் பதிலாக ஆட்டுப்பாலோ எருமைப்பாலோ ஏ2 பாலோ தருவது தீர்வாகாது. அவற்றின் புரதங்கள் பசும்பாலின் புரதங்களை ஒத்தவையே. தாய்ப்பால் கிடைக்காத கைக்குழந்தைக்குப் புரதம் முழுமையாகச் சிதைக்கப்பட்ட சிறப்புப் பால்மாவு தேவைப்படும். பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காமல் போவது வேறு தொல்லை. அதில் வயிறு உப்பும், பேதியாகும், ஆனால் தடிப்போ மூச்சுத்திணறலோ வராது.

உடனடி வகைக்குத் தோல் குத்துச் சோதனையும், குறிப்பிட்ட பொருளுக்கான ஐஜிஈ இரத்தச் சோதனையும் உள்ளன. தோல் குத்துச் சோதனையில் ஒவ்வாமைப் பொருளின் துளியை முன்கையிலோ முதுகிலோ வைத்து, மேல்தோலை மட்டும் மெல்லக் குத்தி, 15 முதல் 20 நிமிடத்தில் எழும் தடிப்பை அளக்கின்றனர். 3 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தால் அது நேர்மறை. செட்டிரிசின் போன்ற ஒவ்வாமை மருந்துகளை ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும், இல்லையேல் தடிப்பு எழாது. ஆஸ்துமாவுக்கான இன்ஹேலரை நிறுத்தத் தேவையில்லை. முடிவு நேர்மறையாக வந்தாலும், உடல் அந்தப் பொருளை அடையாளம் கண்டு வைத்திருக்கிறது என்பதே அதன் பொருள். உண்டால் தொல்லை வரும் என்பதற்கு அது உறுதியல்ல. "நூறு உணவுக்கு ஒரே சோதனை" என்று விற்கப்படும் பட்டியல்கள் இங்கேதான் கேடு விளைவிக்கின்றன. கத்தரிக்காய், துவரை, அரிசி, தக்காளி என்று வரிசையாகச் சிவப்பு எழுத்தில் வரும் தாளை வைத்துக்கொண்டு, நேற்றுவரை அனைத்தையும் நலமாக உண்டுவந்த குழந்தையைப் பட்டினி போட்ட பெற்றோர் பலர். ஐஜிஜி என்ற வேறு புரதத்தை அளந்து உணவு ஒவ்வாமை என்று சொல்லும் சோதனைகளுக்கு மருத்துவ அடிப்படையே இல்லை. ஐஜிஜி ஒருவர் அந்த உணவை உண்டிருக்கிறார் என்பதைத்தான் காட்டும். மொத்த ஐஜிஈ அளவும் தனித்து நின்று எதையும் நிறுவாது, வயிற்றுப் புழு இருந்தாலே அது உயரும். ஆண்டில் இருமுறை பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் குடற்புழு நீக்க மாத்திரை தரப்படும் நாட்டில் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

வரலாறும் சோதனையும் ஒத்துப்போகாதபோது, இறுதித் தீர்ப்பு உண்டு பார்க்கும் சோதனையில்தான் கிடைக்கும். மருத்துவமனையில், அவசர மருந்துகள் அருகில் இருக்க, சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாக உணவைக் கொடுத்துக் கவனிப்பார்கள். உடனடி வகைத் தொல்லை ஏற்கெனவே வந்த குழந்தைக்கு இதை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது.

ஒவ்வாமை உறுதியானால் அந்த உணவைத் தவிர்ப்பதே முதன்மைச் சிகிச்சை. பொட்டல உணவுகளில் பால், முட்டை, மீன், இறால் வகை, நிலக்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், சோயா, பசையம் கொண்ட தானியங்கள் ஆகியவற்றை உறையில் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகள் சொல்கின்றன. அந்த வரியைப் படிக்கும் பழக்கம் வீட்டில் அனைவருக்கும் வேண்டும். கல்யாணப் பந்தியிலும் இனிப்புக் கடையிலும் உறை கிடையாது என்பதால், அங்கே கேட்டறிவதைத் தவிர வேறு வழியில்லை. பால், முட்டை ஒவ்வாமை பள்ளிப் பருவத்துக்குள் பெரும்பாலோருக்கு மறைந்துவிடும். நிலக்கடலை, கொட்டைகள், இறால் ஆகியவற்றுக்கான ஒவ்வாமை பெரும்பாலும் நீடிக்கும். ஆகவே ஓராண்டுக்கு ஒருமுறையாவது மறு ஆய்வு தேவை. முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கும் தட்டம்மைத் தடுப்பூசி பாதுகாப்பானது. அதை மறுக்க வேண்டியதில்லை.

வராமல் தடுப்பதைப் பற்றிய கருத்து 2015ஆம் ஆண்டில் தலைகீழாக மாறியது. லண்டனில் கிடியன் லாக் தலைமையில், தீவிரக் கரப்பானோ (எக்சிமா என்னும் தோல் நோய்) முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 கைக்குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், நிலக்கடலையை ஒரு வயதுக்கு முன்பே உண்ணத் தொடங்கிய குழுவில், தவிர்த்த குழுவைவிட நிலக்கடலை ஒவ்வாமை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. எனவே, ஆறாம் மாதத்தில் திட உணவு தொடங்கும்போது, வேகவைத்த முட்டையையும் கூழாக அரைத்த கடலையையும் ஒவ்வாமைக்கு அஞ்சித் தள்ளிப்போடத் தேவையில்லை. முழுக்கடலை மட்டும் மூச்சுக்குழலில் சிக்கக்கூடும் என்பதால் கூடாது. கடுமையான கரப்பான் உள்ள குழந்தைக்கு முதலில் மருத்துவரைக் கேட்பது நல்லது.

உயிருக்கு ஆபத்தான நிலை

தோல் தடிப்போடு மூச்சுத்திணறலோ, குரல் கம்மலோ, தொடர் வாந்தியோ, மயக்கமோ சேர்ந்தால் அது அனஃபிலாக்சிஸ். உணவு, குளவி அல்லது தேனீக் கொட்டு, மருந்து ஆகிய எதனாலும் வரலாம். இதற்கு மருந்து ஒன்றே: தொடையின் வெளிப்புறத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. ஒரு மில்லிலிட்டரில் 1 மில்லிகிராம் உள்ள கரைசலில், ஒரு கிலோ எடைக்கு 0.01 மில்லிலிட்டர் என்பது கணக்கு. 10 கிலோ குழந்தைக்கு 0.1 மில்லிலிட்டர், 20 கிலோவுக்கு 0.2 மில்லிலிட்டர். தேவைப்பட்டால் 5 முதல் 15 நிமிடத்தில் மீண்டும் போடலாம். செட்டிரிசினும் ஸ்டீராய்டு ஊசியும் அரிப்பைத் தணிக்கலாம், உயிரைக் காக்கா. அவற்றைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதால்தான் மரணங்கள் நேர்கின்றன. மேலைநாடுகளில் தானாகக் குத்தும் பேனா வடிவ ஊசி எளிதில் கிடைக்கிறது. இந்தியாவில் அது அரிது என்பதால், ஆபத்து உள்ள குழந்தையின் வீட்டார் மருத்துவரிடம் அட்ரினலின் ஆம்பூலும் 1 மில்லிலிட்டர் சிரிஞ்சும் எழுதி வாங்கி, குழந்தையின் எடைக்குரிய அளவைத் தாளில் குறித்து ஒட்டி, போடும் முறையைச் செவிலியர் முன்னிலையில் பழகிக்கொள்ள வேண்டும். எடை கூடும்போது அளவையும் மாற்ற வேண்டும். ஊசிக்குப் பின் குழந்தையைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறினால் உட்கார வைக்கலாம், எழுந்து நடக்க விடக் கூடாது. 108ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும், ஏனெனில் தணிந்த தொல்லை சில மணி நேரத்தில் திரும்பக்கூடும்.

தோலும் மூச்சும்

கரப்பான் என்று வீட்டில் சொல்லும் எக்சிமாவில் பெற்றோர் முதலில் உணவைக் குற்றஞ்சாட்டுகின்றனர். பெரும்பாலான குழந்தைகளில் மூல காரணம் ஈரப்பதத்தைத் தக்கவைக்க முடியாத தோல். வெதுவெதுப்பான நீரில் குறுகிய நேரம் குளிப்பாட்டி, ஒற்றித் துடைத்து, ஈரம் காயும் முன்பே வாசனை சேராத களிம்பைத் தாராளமாகப் பூச வேண்டும், நாளுக்கு இருமுறையாவது. சிவந்து தடித்த இடத்தில் மருத்துவர் தந்த ஸ்டீராய்டு களிம்பைப் பூசலாம்: பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனிக்கணு அளவுக்குப் பிதுக்கிய களிம்பு, பெரியவரின் இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். ஸ்டீராய்டு என்ற பெயருக்கு அஞ்சி மெல்லியதாகத் தடவி, இரண்டு நாளில் நிறுத்துவதால் நோய் அடங்காமல் மாதக்கணக்கில் இழுபடுகிறது. வெடித்த தோலில் கடலை மாவு, பயத்தமாவுக் குளியல் பொடிகளைத் தேய்ப்பதை நிறுத்த வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. உணவுப் புரதம் வயிற்றின் வழி அறிமுகமானால் உடல் அதை ஏற்றுக்கொள்ளவும், சிதைந்த தோலின் வழி நுழைந்தால் எதிர்க்கவும் பழகுகிறது என்பதற்குச் சான்றுகள் உண்டு. ஜப்பானில் கோதுமைப் புரதம் கலந்த முகச் சோப்பைப் பயன்படுத்தியவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை ஒவ்வாமை உண்டானது இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு.

இளைப்பைப் பொறுத்தவரை தமிழ்நாட்டில் பழைய தொல்லை ஒன்று உண்டு. நாள்பட்ட இருமலும் எடைக்குறைவும் இருந்தாலே "பிரைமரி காம்ப்ளெக்ஸ்" என்று பெயரிட்டு ஆறு மாதம் காசநோய் மருந்து தருவார்கள்; அவர்களில் ஆஸ்துமாவுள்ள குழந்தைகளும் உண்டு. காசநோயை உறுதிப்படுத்தச் சளி அல்லது இரைப்பை நீர்ச் சோதனை, எக்ஸ்ரே, வீட்டில் காசநோயாளி இருக்கிறாரா என்ற விசாரணை ஆகியவற்றைக் கேட்டுப் பெறுவது பெற்றோரின் உரிமை. இரவிலும் அதிகாலையிலும் ஓடும்போதும் சிரிக்கும்போதும் வரும் இருமல், குடும்பத்தில் ஆஸ்துமா, இன்ஹேலர் தந்த சில நிமிடங்களில் தணிவு ஆகியவை ஆஸ்துமாவின் அடையாளங்கள். ஐந்தாறு வயதுக்கு மேல் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி உதவும். அதற்குக் கீழே, ஸ்டீராய்டு இன்ஹேலரை இரண்டு மூன்று மாதம் தந்து, பின் நிறுத்திப் பார்ப்பதே சோதனையும் சிகிச்சையுமாகிறது. "இன்ஹேலர் பழக்கமாகிவிடும்" என்ற அச்சத்தில் சிரப்பைத் தேடுவோர் தெரிந்துகொள்ள வேண்டியது, சிரப்பில் மருந்து உடல் முழுவதும் போய் நெஞ்சுக்குக் கொஞ்சமே சேரும் என்பது. பியூடசோனைடு என்னும் ஸ்டீராய்டு இன்ஹேலரை ஆண்டுக்கணக்கில் எடுத்த அமெரிக்கக் குழந்தைகள் வளர்ந்தபின் அவர்களின் உயரம் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைந்திருந்தது. அடங்காத ஆஸ்துமாவின் கேட்டோடு வைத்துப் பார்த்தால் இது சிறிய விலை.

இன்ஹேலரை எப்போதும் ஸ்பேசரோடு (அதன் முனையில் பொருத்தும் குழாயோடு) பயன்படுத்த வேண்டும். நன்றாகக் குலுக்கி, முகமூடியை இடைவெளியின்றிப் பொருத்தி, ஒரு முறை அழுத்தியபின் ஐந்தாறு மூச்சு விடச் செய்து, அரை நிமிடம் கழித்து அடுத்த அழுத்தம். ஸ்டீராய்டு என்றால் பிறகு வாய் கொப்பளித்து முகத்தைத் துடைக்க வேண்டும். ஸ்பேசரைச் சோப்பு நீரில் அலசித் தானாக உலர விட வேண்டும். துணியால் துடைத்தால் உள்ளே மின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். தும்மலும் மூக்கரிப்பும் உள்ளவர்களுக்கு மூக்கு ஸ்டீராய்டு ஸ்பிரேயை நடுச்சுவரை நோக்காமல், காதின் பக்கமாகச் சாய்த்து அடிக்க வேண்டும். குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குத் தரக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023இல் அறிவித்தது. தலையணை, போர்வைகளை வாரம் ஒருமுறை சுடுநீரில் துவைப்பதும் கரப்பான்பூச்சியை ஒழிப்பதும் பயன் தரும். கொசுவர்த்திச் சுருளை வீட்டை விட்டே விலக்க வேண்டும்; ஒரு சுருள் வெளியிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று அளந்திருக்கிறார்கள். சாம்பிராணியும் குழந்தையின் அறைக்கு ஆகாது.

எதிர்ப்பாற்றல் குறைபாட்டைச் சந்தேகிப்பது

ஓராண்டில் இரண்டு முறை நிமோனியா, நான்கு அல்லது அதற்கு மேல் காதில் சீழ், இரண்டு மாதம் ஆன்டிபயாட்டிக் தந்தும் தீராத தொற்று, ஈரலிலோ நிணநீர்க் கட்டியிலோ ஆழ்ந்த சீழ்க்கட்டி, ஒரு வயதுக்குப் பிறகும் நீங்காத வாய்ப்பூஞ்சை, எடை கூடாமை ஆகியவற்றில் இரண்டு இருந்தால் ஆராய வேண்டும். தொப்புள்கொடி ஒரு மாதத்துக்கு மேல் விழாதிருப்பதும், பிசிஜி என்னும் காசநோய்த் தடுப்பூசி போட்ட பக்கத்து அக்குளில் பெருங்கட்டி வந்து உடலெங்கும் பரவுவதும் அப்படியே. ஆண் குழந்தைக்குக் கரப்பானோடு இரத்தத் தட்டுகள் குறைந்து இரத்தக்கசிவும் இருந்தால் அது வெறும் ஒவ்வாமை அன்று. விஸ்காட்–ஆல்ட்ரிச் நோயா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட வலுவான துப்பு, அதே தாய்க்கோ தாய்வழி உறவிலோ முன்பு கைக்குழந்தை காரணம் தெரியாமல் இறந்திருப்பது. அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கம் உள்ள குடும்பங்களில் இந்த நோய்களின் வாய்ப்பு கூடுதல் என்பதால், உறவு முறையை மருத்துவரிடம் தயங்காமல் சொல்ல வேண்டும்.

முதற்சோதனை எங்கும் கிடைக்கும் முழு இரத்த எண்ணிக்கைதான். மொத்த வெள்ளணுக்களை, அவற்றில் ஒரு வகையான லிம்போசைட்டின் சதவீதத்தால் பெருக்கி 100ஆல் வகுக்க வேண்டும்: நான்கு மாதக் குழந்தைக்கு 6,000 வெள்ளணுவும் 25 சதவீதமும் என்றால் லிம்போசைட் 1,500. கைக்குழந்தையில் 3,000க்குக் கீழ் இருந்தாலே ஐயம் கொள்ள வேண்டும், ஆனால் ஆய்வகத் தாள் பெரியவர்களின் வரம்பை அச்சிட்டிருப்பதால் அதை இயல்பு என்று காட்டும். அடுத்து எச்ஐவி சோதனை. பிறகு வயதுக்கேற்ற வரம்போடு ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் ஆகிய எதிர்ப்புப் புரதங்களின் அளவு. அதன்பின் லிம்போசைட் வகைகளைப் பிரித்தெண்ணும் ஃபுளோ சைட்டோமெட்ரி, மரபணுச் சோதனை. சீழ்க்கட்டி திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணு வேலை செய்கிறதா என்று காட்டும் டிஎச்ஆர் சோதனை வேண்டும். சென்னை எழும்பூர்க் குழந்தைகள் நல மருத்துவமனை, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி, சண்டிகரின் முதுநிலை மருத்துவ நிறுவனம், மும்பையில் உள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய் எதிர்ப்பு இரத்தவியல் நிறுவனம் ஆகியவை போன்ற பெரிய மையங்களுக்கு அனுப்பும்படி குழந்தை மருத்துவரிடம் கேட்கலாம்.

எதிர்ப்புப் புரதம் உருவாகாத குழந்தைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, கிலோவுக்கு 400 முதல் 600 மில்லிகிராம் வரை இம்யூனோகுளோபுலின் என்னும் அந்தப் புரதத்தை ஏற்றினால் பள்ளிக்குப் போய் இயல்பாக வாழலாம். நியூட்ரோஃபில் கோளாறுக்குக் கோட்ரைமாக்சசோலும் இட்ராகோனசோலும் அன்றாடக் காப்பு. எஸ்சிஐடி என்னும் மிகக் கடுமையான வகைக்கு எலும்பு மஜ்ஜை மாற்றே முதன்மை வழி. மூன்றரை மாத வயதுக்குள் அது நடந்த குழந்தைகளில் 94 சதவீதத்தினர் ஐந்தாண்டு கடந்து வாழ்ந்ததாக 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டுகிறது. தேசிய அரிய நோய்கள் கொள்கையின் கீழ், அறிவிக்கப்பட்ட உயர் மையங்களில் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. இத்தகைய குழந்தைக்கு இரத்தம் ஏற்ற நேர்ந்தால் அது கதிர்வீச்சு தரப்பட்டதாக இருக்க வேண்டும். முந்தைய குழந்தையை இழந்த தாய் மீண்டும் கருவுற்றால், பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் அதைச் சொல்லி, பிறக்கும் குழந்தையின் லிம்போசைட் எண்ணிக்கை தெரியும்வரை பிசிஜி, வாய்வழிப் போலியோ, ரோட்டா ஆகிய உயிருள்ள தடுப்பூசிகளைத் தள்ளிவைக்கும்படி பிரசவ அறைக் குறிப்பேட்டிலேயே எழுதச் செய்ய வேண்டும்.